நான்கு நாள் குளிர்

செவ்வாய் பின்னேரம் ஆறு பத்து. புதன் ஆறு பத்துக்கு ஒன்று. வியாழன், இரண்டு. இன்று வெள்ளி, இன்னும் காலை பத்து மணிகூட ஆகவில்லை, மூன்றாவது நாளே முடியவில்லை. நாளைப் பின்னேரம் வரைக்கும் இதற்குள் ஒருவரையும் கைவைக்க விடக்கூடாது.

அருள்மலர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பேஸ்மென்ற் மூலையில் இருந்த பெரிய ஃபிறீசரின் மூடிமேல் இரண்டு கைகளையும் ஊன்றியபடி நின்றாள். எதிரே அவள் கணவனின் தமக்கை ஜெனாட், மூன்று அலுமினியத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"தள்ளு மலர். கை விறைக்குது."

"உதுக்குள்ளை இடமில்லை மச்சாள்."

"இவ்வளவு பெரிய பெட்டிக்குள்ளை இடமில்லையோ? ஆளையே கிடத்தலாம்."

சொன்ன பிறகுதான் ஜெனாட்டுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. வாயைப் பொத்த அவளுக்குக் கை இல்லை. தட்டுகளைத் துணி தோய்க்கும் மெஷினின் மேல் வைத்துவிட்டு, முகத்தைத் தோளில் துடைத்தாள்.

அவள் கணவன் சீமோன் இறந்து இரண்டு நாட்கள் ஆகின்றன. புதன்கிழமை காலை வேலைக்குப் போவதற்காக வாசல் கதிரையில் இருந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு சப்பாத்துக்குத்தான் கட்டினான். அம்புலன்ஸில் வந்தவர்கள் அரைமணித்தியாலம் போராடிவிட்டு நிறுத்தினார்கள். அறுபத்திரண்டு வயது. இன்று பின்னேரம் பார்வைக்கு வைக்கிறார்கள். நாளைக் காலை பூசை, பிறகு அடக்கம், அதன்பிறகு சனம் எல்லாம் மில்லிக்கனில் இருக்கும் இந்த வீட்டுக்குத்தான் வரும். அதற்காக ஜெனாட் முந்நூறு றோல்ஸும் இருநூறு மீன் கட்லற்றும் சொல்லிச் செய்வித்து உறைய வைத்துக் கொண்டுவந்திருந்தாள். மிச்சத் தட்டுகள் இன்னும் காருக்குள் இருந்தன.

அவள் அருள்மலரின் கைகளை மெதுவாக விலக்கி மூடியைத் தூக்கினாள். வெள்ளைப் புகை எழுந்து அடங்கியது. உள்ளே, பெட்டியின் முழு அகலத்துக்கும் ஒரு மூட்டை கிடந்தது. தடித்த பொலித்தீன் பையால் சுற்றி, வாயைத் திருகிக் கட்டி, மேலே ஒரு துண்டு வெள்ளை ரேப் ஒட்டியிருந்தது. அதில் சீமோனின் சாய்ந்த எழுத்து: செவ்வாய் 6.10.

"உதுவோ?" என்றாள் ஜெனாட். "பியருக்குப் போடுற பார்லியோ? உதுக்கோ நீ காவல் நிக்கிறாய்?"

"இன்னும் நாலு நாள் முடியேல்லை."

"ஆள் முடிஞ்சுபோச்சு. உனக்கு நாலு நாள்." ஜெனாட் மூடியைப் படாரென்று போட்டாள். "ஜூலியன் மேலைதான் நிக்கிறான். அவனைக் கொண்டு வெளியாலை எறிவிக்கிறன். நாளைக்கு பாதர் வருவார், செபக்கூட்டத்துச் சனம் வரும். செத்த வீட்டிலை சாராயக் கடை மாதிரி உதெல்லாம் கிடந்தால் என்ன நினைக்குங்கள்? ஏற்கெனவே உந்தப் பார்லியாலை என்ரை வீட்டு அரிசி பட்ட பாடு காணாதோ?"

படியில் காலடி கேட்டது. ஸ்டெபனி இறங்கி வந்தாள். மூன்று நாளாக ஒரே சாம்பல் நிறச் சட்டை.

"அம்மா, வாட்ஸ் கோயிங் ஒன்? மேலை சத்தம் கேக்குது."

"கொம்மாவைக் கேள் பிள்ளை. அப்பான்ரை மூட்டையை எடுக்க விடமாட்டாவாம்."

ஸ்டெபனி தாயைப் பார்த்தாள். மூட்டை யாருடையது என்று இந்த வீட்டில் இப்போது தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். அவள் எதையோ சொல்ல வாய் திறந்தாள். அருள்மலர் தலையை மிகச் சிறிதாக அசைத்தாள். இப்போது இல்லை.

"றோல்ஸை ஜூலியன் அங்கிள் வீட்டை வைக்கலாம் மாமி," என்றாள் ஸ்டெபனி. "அவையின்ரை ஃபிறீசர் எம்ப்டி. நான் இப்பவே ட்றைவ் பண்ணிக்கொண்டுபோய்க் குடுக்கிறன்."

அவள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். ஜெனாட் பின்னால் போனாள். பாதிப் படியில் திரும்பி, "நாளைக்கு அடக்கம் முடிய உது வெளியாலை போகவேணும். சொல்லிப்போட்டன்," என்றாள்.

அருள்மலர் ஃபிறீசரின் பக்கத்தில் இருந்த வெப்பமானியைப் பார்த்தாள். பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு. சரி.

*

பதினொரு வருடங்களுக்கு முன் சீமோனுக்கு வேலையிடத்து நத்தார் விருந்தில் ஒரு பெட்டி பரிசு விழுந்தது. வீட்டிலேயே பியர் வடிக்கும் சாமான்கள். அவன் ஒரு சனிக்கிழமை முழுக்கப் பெட்டியைக் கிண்டிவிட்டு, "இதென்ன கரைச்சல், கடையிலை வாங்கினால் ரெண்டு நிமிசம்," என்று ஒதுக்கி வைத்தான். அருள்மலருக்கு ஒரு சாமான் பாவிக்காமல் கிடந்தால் பொறுக்காது. உள்ளே இருந்த தாளை எடுத்து வாசித்தாள். வாசித்தவள் நிறுத்தவில்லை.

அவளுக்குக் குடி பிடிக்காது. அரைக் கிளாஸுக்கு மேல் அவள் ஒருநாளும் குடித்ததில்லை. அவளைப் பிடித்துக்கொண்டது வேறு. முளைக்க வைத்து உலர்த்திய பார்லியை உடைத்துச் சுடுநீரில் போட்டு, அறுபத்தாறு பாகைக்கு மேலும் போகாமல் கீழும் போகாமல் ஒரு மணித்தியாலம் காத்துக்கொண்டு நிற்பது. அந்த ஒரு மணித்தியாலத்தில் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. கஞ்சி மணம் போல, ஆனால் அதைவிட இனிப்பான ஒரு மணம் பேஸ்மென்ற் முழுக்க நிறையும். வேலையில் மற்றவர்களின் சொற்படி பெட்டிகளை அடுக்கி, வீட்டில் மற்றவர்களின் பசிக்குச் சமைத்து வந்தவளுக்கு, தன் கணக்குப்படி நடக்கும் ஒரு காரியம் வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்திருந்தது.

அடுத்த வருடமே செபக்கூட்டத்துப் பெண்கள் கீழே இறங்கி வந்துவிட்டார்கள். மேலே கதிரை போதாமல், மடக்குக் கதிரை எடுக்க வந்தவர்கள். பார்லி வாளிகளைப் பார்த்து ஒருத்தி மூக்கைச் சுளித்து, "இதென்ன மலர்?" என்றாள். அருள்மலர் அவசரமாக ஒரு வாளியை மூடினாள். பின்னால் நின்ற சீமோன் சிரித்துக்கொண்டு, "உது என்ரை விளையாட்டு. மலருக்கு உதுகளைக் கண்ணிலையும் காட்டக்கூடாது," என்றான். அன்றே ஒரு மார்க்கரை எடுத்து எல்லா வாளியிலும் 'சீமோன்' என்று எழுதினான். "இனி ஆரும் உன்னைக் கேக்காயினம்."

யாரும் கேட்கவில்லை. சீமோனின் பியர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நல்லாயிருந்தால் அவனைப் புகழ்ந்தார்கள், அவள் கோப்பைகளைக் கழுவினாள். முதலில் அது நிம்மதியாக இருந்தது. பிறகு பழகியது. பழகிவிட்டதுதான் அவளை உறுத்தியது.

வண்டு வந்தது இரண்டாவது கோடையில். மலிவு என்று இரண்டு மூட்டை வாங்கிக் கராஜில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒருநாள் பார்லி மேலே அசைந்தது. அள்ளிப் பார்த்தால் மணிகளில் ஊசித்துளைகள், உள்ளே வெறும் மா. அரிசிக்கும் போயிருந்தது, பருப்புக்கும் போயிருந்தது. அதற்கு முதல் கிழமைதான் அந்த அரிசியில் ஒரு மூட்டையை ஜெனாட் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். ஜெனாட் வீட்டில் அந்த வண்டுகள் மார்கழி வரைக்கும் நின்றன. "சீமோன்ரை வண்டு" என்று இன்றைக்கும் சொல்வாள். அப்போதும் அவன்தான், "ஓம் அக்கா, என்ரை பிழை," என்று தலையைச் சொறிந்தான்.

அடுத்த தடவை அருள்மலர் விடவில்லை. ஊரில், மன்னாரில், அரிசிப் பானைக்குப் போடுவதைப் போலவே பார்லி வாளிக்குள் செத்தல் மிளகாயும் காய்ந்த வேப்பிலையும் போட்டு மூடினாள். வண்டு வரவில்லை. ஆனால் அந்த நத்தாருக்குத் திறந்த பியரில் முதல் மிடறு குடித்த ஜூலியன், சீமோனின் பழைய சிநேகிதன், கண்ணில் தண்ணீர் வர இருமி, "மச்சான், இது பியரோ பேதிக் கசாயமோ?" என்று கேட்டான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாற்பது போத்தல். அவள் கொட்டுவதற்கு எடுத்தபோது சீமோன் மறித்தான். மாசி முடிய அவன் ஒருவனே நாற்பதையும் குடித்து முடித்தான். ஒவ்வொன்றுக்கும், "குறையில்லை, சளி தடிமனுக்கு நல்லம்," என்றான்.

அதன் பிறகுதான் அவள் வாசித்து அறிந்தாள். முட்டை மணிக்கு உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சலித்தாலும் போகாது, வெயிலில் காயவைத்தாலும் போகாது. புதிதாக வாங்கும் ஒவ்வொரு மூட்டையையும் முழு நான்கு நாள் ஆழக் குளிரில் வைக்க வேண்டும். எடுத்த பிறகும் உடனே திறக்கக்கூடாது. குளிர் முழுவதும் போகும்வரை அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் உள்ளே இறங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு றப்பர் வளையம் வைத்த மூடியுள்ள வாளி. தரையில் ஒரு மணி சிந்தினாலும் கூட்டி அள்ள வேண்டும். பழையது முடியாமல் புதியதை அதன் மேல் கொட்டக்கூடாது. ஒன்பது வருடங்களாக இந்த வீட்டில் ஒரு வண்டு இல்லை. சீமோனின் பங்கு இரண்டு: மூட்டையைத் தூக்குவது, நேரத்தை எழுதி ஒட்டுவது.

*

பார்வைக்கு வைத்த மண்டபத்தில் லில்லிப் பூவின் மணம் அதிகமாக இருந்தது. சீமோனுக்கு நீலக் கோட் போட்டிருந்தார்கள். கைகளைக் கோத்துச் செபமாலையைச் சுற்றியிருந்தார்கள். அருள்மலர் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலது பெருவிரல் நகத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு. மார்க்கர் மை. முகத்துக்கு மா பூசியவர்கள் இதைக் கவனிக்கவில்லை. அதைத் துடைக்க அவள் தன் லேஞ்சியை எடுத்தாள், பிறகு திரும்பவும் கைப்பைக்குள் வைத்தாள்.

முன்வரிசையில் ஜெனாட் வருகிறவர்களின் கையைப் பிடித்துப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "செவ்வாய்க்கிழமை பின்னேரம் எனக்கு ஃபோன் எடுத்தவன். பார்லி மூட்டை தூக்கினனான், நெஞ்சைப் பிடிச்சு இழுக்கிற மாதிரிக் கிடக்கு எண்டவன். படுத்தெழும்பச் சரியாப் போகும் எண்டு நான்தான் சொன்னன். உந்தப் பியராலைதான் என்ரை தம்பி போனவன். ஆசை ஆரை விட்டது?"

வந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர், "ஓம், அளவாக் குடிச்சிருந்தால் இன்னும் இருந்திருப்பான்," என்றார்.

சீமோன் அளவுக்குமேல் குடித்து அருள்மலர் கண்டதில்லை. ஆனால் ஃபோன் எடுத்தது அவளுக்குத் தெரியாது. நெஞ்சு இழுத்தது அவளுக்குச் சொல்லப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை அவன் சொன்னது வேறு. காரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "இஞ்சேர், நாளைக்கு ஜூலியன் வரட்டும். ரெண்டு பேருமாத் தூக்குறம்," என்றான். அவள்தான், "ஒரு இரவு காருக்குள்ளை கிடந்தால் காணும், முட்டை எல்லாம் பொரிச்சுப்போடும். இண்டைக்கே வையுங்கோ," என்றாள். இருபத்தைந்து கிலோ. பதின்மூன்று படி. அவன் மூட்டையைத் தோளில் வைத்து ஒவ்வொரு படியாக இறங்கினான். அவள் முன்னால் போய் ஃபிறீசரைத் திறந்து பிடித்தாள்.

இரத்தக்குழாய் கன வருடமாகவே அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார். மூட்டையும் சும்மா இருந்திருக்காது என்று அவளுக்குத் தெரியும். இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க அவள் விரும்பவில்லை. இதை அவன்மேல் போட்டுவிட்டு வாய் மூடியிருக்கத்தான் எல்லா வசதியும் இருந்தது. பதினொரு வருடமும் அப்படித்தான் இருந்தது.

அவள் பெட்டியருகே குனிந்து அவன் கையைத் தொட்டாள். ஃபிறீசருக்குள் கைவைத்தது போல இருந்தது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

*

சனிக்கிழமை அடக்கம் முடிந்து ஒரு மணிக்கு வீடு நிறைந்தது. றோல்ஸ் முடிந்தது, கட்லற் முடிந்தது. பாதர் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். ஐந்து மணியோடு சனம் குறைந்து, செபமாலைக்கு நிற்பவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஜூலியன் சப்பாத்துக்களை வாசலில் ஓரமாக அடுக்கிக்கொண்டு நின்றான். குசினியில் கோப்பை துடைத்துக்கொண்டிருந்த ஸ்டெபனி தாயின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அம்மா. சிக்ஸ் ஆகுது."

அருள்மலர் வெள்ளைச் சேலையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கினாள். மூடியைத் திறந்தாள். மூட்டையின் இரண்டு மூலைகளையும் பிடித்து இழுத்தாள். அது பனியோடு ஒட்டிக்கிடந்தது. வயிற்றை விளிம்பில் முட்டுக்கொடுத்து மறுபடி இழுத்தாள். ஒரு பக்கம் கிளம்பி, திரும்ப விழுந்தது.

"விடு. முதுகு முறியப்போகுது."

ஜெனாட் படியின் அடியில் நின்றாள். "ஜூலியனைக் கூப்பிடுறன். அவன் பின்கதவாலை கொண்டுபோய் எறிவான்."

"எறியிறதுக்கு இல்லை மச்சாள். நேரம் முடிஞ்சுது. வெளியிலை எடுத்து வைக்கவேணும்."

"வைச்சு? ஆர் குடிக்கப்போகினம்? செய்யிறவனையே தாட்டுப்போட்டு வாறம்."

அருள்மலர் விளிம்பிலிருந்து நிமிர்ந்தாள். விரல்கள் சிவந்து எரிந்தன.

"செய்யிறது நான்தான் மச்சாள். முதலிலை இருந்தே நான்தான். அவர் ஒரு நாளும் செய்யேல்லை."

ஜெனாட் முதலில் அதை விளங்கிக்கொள்ளவில்லை. வாளிகளைப் பார்த்தாள். சீமோன், சீமோன், சீமோன். ஆறு வாளி.

"அந்த வண்டு?"

"அதுவும் என்ரை."

"மிளகாய் போட்டது?"

"நான்தான்."

ஜெனாட்டின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. பிறகு முகம் மெல்ல மாறியது. அவள் கேட்கப்போவது என்ன என்று அருள்மலருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேட்கட்டும் என்றுதான் நின்றாள்.

"அப்ப செவ்வாய்க்கிழமை அவன் தூக்கினது..."

"எனக்காக. நாளைக்குத் தூக்குறன் எண்டவர். நான்தான் இண்டைக்கே எண்டனான். நெஞ்சு இழுத்தது எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் சொல்லியிருக்கிறார்."

கடைசி வசனத்தை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஜெனாட் கடைசிப் படியில் குந்திவிட்டாள். மேலே யாரோ கதிரைகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. ஃபிறீசரின் மூடி திறந்தபடியே இருந்ததால் மோட்டர் உறுமத் தொடங்கியது. அருள்மலர் திரும்பி மறுபடி மூட்டையைப் பிடித்தாள். இழுத்தாள். கிளம்பியது, வழுக்கியது. மறுபடி பிடித்தாள்.

நாலாவது தடவை மற்ற முனையை இரண்டு கைகள் பிடித்தன. ஜெனாட் அவளைப் பார்க்கவில்லை. "ஒண்டு, ரெண்டு," என்றாள். இருவருமாகத் தூக்கி விளிம்பில் சரித்து, தரையில் போட்டிருந்த மரப்பலகையின் மேல் இறக்கினார்கள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"பாரம்," என்றாள் ஜெனாட்.

"ஓம்."

"இதையோ அவன்..." மிச்சத்தை விழுங்கிவிட்டுச் சேலையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள். "இஞ்ச பார் மலர். எறியச் சொல்லேல்லை. வைச்சிரு. என்னவாவது செய். ஆனா எனக்கு ஒண்டு செய். ஆருக்கும் சொல்லாதை. அவன்ரை எண்டே இருக்கட்டும். ஆம்பிளை செய்தால் ஒரு கதை, பொம்பிளை செய்தால் வேறை கதை. அதுவும் புருசனைத் தாட்ட அண்டைக்கு. செத்தவனுக்கு இனி என்ன குறைஞ்சுபோகும்? அவனும் அதைத்தானே விரும்பினவன்."

அது உண்மைதான். அவன் விரும்பியிருப்பான். இங்கே நின்றிருந்தால் தலையைச் சொறிந்துகொண்டு, "ஓம் அக்கா, என்ரைதான்," என்று சிரித்திருப்பான். எதிரே நிற்பவள் இப்போதுதான் அவளுக்காக ஒரு முனையைத் தூக்கியவள். ஓம் என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

மேலே மணி ஒலித்தது. செபமாலை தொடங்கப்போகிறது. ஸ்டெபனி படியின் மேலிருந்து, "அம்மா, மாமி, எல்லாரும் வெயிற்றிங்," என்றாள்.

"வாறம்," என்றாள் ஜெனாட். பிறகு மெதுவாக, "என்ன மலர்?"

"ஏலாது மச்சாள்."

அவள் அலுமாரித் தட்டிலிருந்து ரேப்பையும் மார்க்கரையும் எடுத்தாள். ஒரு துண்டு கிழித்து, சீமோன் எழுதிய செவ்வாய் 6.10க்குக் கீழே ஒட்டி, சனி 6.10 என்று எழுதினாள். அதற்குப் பக்கத்தில் தன் பெயரைத் தொடங்கினாள். அதற்குள் மூட்டை வேர்க்கத் தொடங்கியிருந்தது. இரண்டாவது எழுத்தோடு மை பரவிக் கரைந்தது.

ஜெனாட் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அருள்மலர் மெஷினின் மேல் கிடந்த துவாயை எடுத்து, மேலே இருந்த துண்டில் படாமல், கீழ்த் துண்டை மட்டும் ஒற்றி உலர்த்தினாள். மார்க்கரின் முனையைச் சேலையில் துடைத்தாள். பிறகு முதல் எழுத்திலிருந்து மறுபடி எழுதினாள்.